ஐந்துக்கு ஐந்து

உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டை, இரவு ஷிஃப்ட்.
ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கண்ணாடி
என் மேசைக்கு வரும், சாக.

நீள ஓரத்தின் நடுவில், உள்ளே பதின்மூன்று மில்லிமீட்டர் தள்ளி
கூர்முளை வைத்து ஒரு தட்டு.
விரிசல் ஓடுவதைக் கண் பிடிக்காது.
சத்தம் காதுக்கு வருமுன்
மேசை நிறைய டைமண்ட் கல்கண்டு.

அப்புறம்தான் வேலையே.
ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் தகரச் சட்டத்தை வைத்து
உள்ளே எத்தனை துண்டு என்று எண்ண வேண்டும்.
கோட்டில் உட்கார்ந்திருப்பது அரை.
நாற்பதுக்குக் கீழே போனால் சரக்கு முழுக்கத் திரும்பும்.
தில் பகதூர் நேபாளியில் எண்ணுவான்,
நான் தமிழில்.
இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் டீ.

உலையைச் சொல்லவில்லையே.
அறுநூற்று முப்பது டிகிரி.
இளகப்போகிற நொடியில் வெளியே இழுத்து
மேலும் கீழும் ஆயிரம் மூக்குகளால்
காற்றை ஊதுவோம்.
தோல் முந்திக்கொண்டு இறுகிவிடும்.
உள்ளே இருப்பது பிறகு ஆறும், சுருங்கப் பார்க்கும்,
தோல் விடாது.
அது இழுக்க, இது நெரிய,
அந்த இழுபறிதான் பலம்.
கல் பட்டுக் கீறினாலும்
கீறலின் வாயை
இரண்டு பக்கமும் நெருக்கி மூடிவைத்திருக்கும்.

சண்டை போட்டுக்கொண்டே பிரியாத குடும்பம் மாதிரி
என்றேன் ஒருநாள்.
மக்தி எஞ்சினியர் சிரிக்கவில்லை.
கெய்ரோ கோர்ட்டில் அவருக்கு அந்த வாரம் விவாகரத்து.

ஊதியபின் மட்டும் கை வைக்கக் கூடாது.
துளை, கீல் வெட்டு, முனை மழுக்கல்
எல்லாம் உலைக்கு முன்னால்.
ஒரு மில்லிமீட்டர் கூடுதல் என்று
யாராவது சாணையைக் காட்டினால்
துடைப்பம் எடுக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட். மஜாஸில் இருபத்தேழாம் மாடி.
பால்கனித் தடுப்பு.
பந்து படவில்லை, புறா மோதவில்லை,
வீடே மதியத் தூக்கத்தில்.
தானாக வெடித்தது.
பாதி கீழே நின்ற காரின் கூரைமேல்;
மீதி சட்டத்தில் நொறுங்கியபடியே நின்றது.
அந்த வீட்டில் வேலைசெய்யும் ரொவேனா
பார்சல் ஒட்டும் பிரவுன் டேப்பைக்
குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி
அது விழாமல் நிறுத்தியிருந்தாள்.
மூலையில் எங்கள் முத்திரை.

டேப்போடு உரித்து வந்தார்கள்.
பூதக்கண்ணாடி வைத்து
இரண்டு ராத்திரி தேடினோம்.
பொடிகளின் நடுவே
இறக்கை விரித்த பட்டாம்பூச்சிபோல் இரண்டு துண்டு.
இறக்கைகள் சேரும் கோட்டில் ஒரு புள்ளி,
உப்பின் ஒரு பரலைவிடச் சிறிசு.
நிக்கல் சல்பைடு என்றார் மக்தி,
கெட்ட வார்த்தை சொல்வதுபோல.

உலைச் சூட்டில் குறுகி இருக்கும் சாதி அது.
மெதுவாக ஆறவிட்டால்
பெருத்து, அடங்கி, தன்பாட்டில் கிடக்கும்.
நாம்தான் ஊதினோமே.
உருமாற நேரம் கிடைக்கவில்லை.
அதனால் என்ன,
இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது,
வெளியே வெயில், உள்ளே ஏசி,
ரோமக்கால் ரோமக்காலாகப் பெருத்து.

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் மூன்று கட்டம்:
பொருத்தியவர் தவறு. உபயோகித்தவர் தவறு. தெரியவில்லை.
மூன்றாவதில் டிக் போடச் சொன்னார் மேனேஜர்.
மக்தி பேனாவால் நாலாவது கட்டம் ஒன்று வரைந்து
அதற்குள் எங்கள் கம்பெனி பெயரை எழுதினார்.
அவர் இப்போது சோஹாரில், வேறு வேலையில்.

ஆனால் சூட்டடுப்பு வந்துவிட்டது,
தம்மாமிலிருந்து, பழசு.
ஊதி முடித்த கண்ணாடிகளை
இருநூற்றுத் தொண்ணூறில் இரண்டு மணி நேரம் வைக்கிறோம்.
உள்ளே புள்ளி இருந்தால்
இரண்டு வருஷத்தில் செய்வதை
இங்கேயே, இப்போதே செய்து தொலைக்கட்டும்.

நேற்று முப்பத்திரண்டு வரை எண்ணியிருந்தோம்.
அடுப்புக்குள் டம்மென்று ஒரு சத்தம்.
தில் பகதூர் என்னைப் பார்த்தான்,
நான் அவனை.
எந்த மாடிக்குப் போக இருந்ததோ.

"எத்தனையில் விட்டோம், ஜபர் பாய்?"
தெரியவில்லை.
சட்டத்தை நேராக்கி
மறுபடி ஒன்றிலிருந்து.