நாணயம்

கொரியர்காரன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான்:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
மீனுக்கா என்றேன்.
மீனுக்கு நானூறு வரும், மீதி ஐஸுக்கு என்றான்.
போய்ச் சேர்வதற்குள் தண்ணீராகிவிடப் போவதற்கு
எடைபோட்டுக் காசு.

காசிமேட்டில் அன்றைக்கு
காரப்பொடி ஒரு கூறு நூறு ரூபாய்.
சங்கரா கிலோ முந்நூற்றைம்பது.
செலின் கேட்டது இந்த இரண்டும்தான்.
வஞ்சிரம் கேட்டிருந்தாலாவது
செலவு கொஞ்சம் நியாயமாகத் தெரிந்திருக்கும்.
"இட்டார்சியில எல்லாம் ஆத்து மீனுடி.
சேத்து வாசனை.
முள்ளு மட்டும் நம்மூரு முள்ளு மாதிரியே குத்துது."

சென்ட்ரல் பார்சல் ஆபீஸில்
'பொருளின் தன்மை' என்றொரு கட்டம்.
அழுகக்கூடியது என்று எழுதச் சொன்னார் எழுத்தர்.
எழுதினேன்.
அப்படி எழுதியிருப்பதால் எடுக்க முடியாது என்று
படிவத்தைத் திருப்பித் தந்தார்.

மருந்துக்கடையில் எட்டு வருஷமாக நிற்கிறேன்.
இன்சுலின் வருகிற தெர்மோகோல் பெட்டியும்
நீல ஜெல் பொட்டலங்களும்
வாரம் தவறாமல் குப்பைக்குப் போவதை
நானேதான் கொட்டியும் இருக்கிறேன்.
பதினோரு பொட்டலம் சேர்த்தேன்.
எதுக்கும்மா இத்தனை என்றார் முதலாளி.
முட்டிவலி என்றேன்.

தலை கிள்ளி, ஆய்ந்து, கழுவி,
ஈரம் போக ஒற்றி,
ஆவின் கவர்களில் தட்டையாகப் பரப்பி
தெருமுனை ஐஸ்கிரீம் கடையில்
குல்ஃபிக்கு அடியில் இரண்டு ராத்திரி.
ஜெகவீரன் வாடகை வாங்கவில்லை.
"குல்ஃபி கவிச்சி அடிச்சுதுன்னு வையி,
அத்தினியும் நீதாம்மா வாங்கணும்."

பெட்டிக்குள் காற்றுக்கு இடம் விடக் கூடாது.
இடுக்கெல்லாம் கசக்கிய செய்தித்தாள்,
ஒரு பழைய நைட்டி.
பிரவுன் டேப் மூன்று சுற்று.

அதற்கு முன்னால்
ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர்:
தண்ணீர் ஊற்றி உறையவைத்து
மேலே ஒரு இரண்டு ரூபாய்.
வழியில் உருகினால் நாணயம் முங்கிவிடும்.
திரும்ப உறைந்தாலும் அடியில்தான் கிடக்கும்.
போனில் சொன்னேன்:
திறந்ததும் முதலில் டம்ளரைப் பார்.
அடியில் இருந்தால் மீனைக் கொட்டிவிடு.
என்மேல் பாவம் பார்த்துத் தின்றுவைக்காதே.

எதிர்வீட்டு லியாகத்தின் தங்கை மகன்
போபாலுக்குப் பரீட்சை எழுதப் போனான்.
அவன் பெர்த்துக்கு அடியில் பெட்டி.
சுமைகூலி ஒரு பிரியாணிப் பொட்டலம்,
அவித்த முட்டை தனியாக.
டேப்பு, ஆட்டோ, பிரியாணி எல்லாம் சேர்த்தும்
நானூறு தாண்டவில்லை.
கொரியர் கடை வாசலில் போய்
சத்தமாகச் சொல்லிவிட்டு வரலாம் போலிருந்தது.

மத்தியானம் அந்தப் பையன் போன் செய்தான்.
பல்லார்ஷா தாண்டி வண்டி நிற்கிறதாம்.
மே மாசம்.
நாலு மணி நேரம் நின்றது.
மாத்திரை அட்டைகளை
மூன்று தரம் தப்பாக எண்ணினேன்.

ராத்திரி செலின் படம் அனுப்பினாள்:
டம்ளர். ஐஸ். மேலே நாணயம்.
"கல்லு மாதிரி வந்துச்சுடி.
காரப்பொடி வறுத்தாச்சு,
சங்கரா கொதிக்குது."

விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.
நான் வைத்தது வெள்ளை, இரண்டு ரூபாய்.
ஐஸ் மேல் மஞ்சளாக
ஐந்து ரூபாய் உட்கார்ந்திருந்தது.

புளி தூக்கலா வச்சியா என்று கேட்டேன்.
ஆமா என்றாள்.
மாங்காய் போட்டியா.
போட்டேன் போட்டேன் என்றாள்.
அவளுக்குக் குழம்பில் மாங்காய் ஆகாது.

அடுத்த மாசம் யாரோ ஜான்சிக்குப் போகிறார்களாம்.
இப்போதே பதினெட்டுப் பொட்டலம் சேர்ந்துவிட்டது.
நடுவழியில் நாலு மணி நேரம்
நிற்கத்தான் நிற்கும் என்று வைத்தே
கணக்குப் போட்டிருக்கிறேன்.
ஐஸுக்குக் கல்லுப்பும் வாங்கியாயிற்று.
இந்தத் தடவை
டம்ளர் வைக்கப்போவதில்லை.