பதினான்கு அங்குலம்

செமியோனோவ்கா கணவாயில் இறங்கும்போது
மூன்றாவது வளைவில் பெடல் பஞ்சாயிற்று.
நான்காவதில் அது
என் செருப்புக்குக் கீழே கிடந்த வெறும் இரும்பு.
முன்னால் ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே ஒருவன்
சூரியகாந்தி விதை கொறித்தபடி, திரும்பாமல்.
கியரைக் கீழே தள்ளி, கைபிரேக்கை இழுத்து,
மலைச்சுவரில் கதவை உரசவிட்டு நின்றேன்.
பின்சீட்டில் இருபது கிலோ பாலாடைக்கட்டி
ஒன்றுமே நடக்காததுபோல் வியர்த்துக்கொண்டிருந்தது.
ஆட்டுக்காரன் குனிந்து ஜன்னலில் கேட்டான்:
"கிலோ என்ன விலை?"

எண்பத்து நாலாம் வருடத்து லாடா,
கடுகு நிறம்.
வீலைக் கழற்றிய கேகாம் நாக்கைச் சப்புக்கொட்டினான்.
டிஸ்க் நீலம் பாரித்திருந்தது,
பாம்பு கடித்த கணுக்கால் மாதிரி.
"தண்ணீர் கொதித்தால் டீ, அக்கா.
பிரேக் ஆயில் கொதித்தால் சாவு.
இந்தத் தட்டை வைத்துக்கொண்டு இனி மலை இறங்காதே.
புது மாடலின் முன்பிரேக்கை மாட்டு,
இரண்டு தட்டு, நடுவே காற்று ஓடச் சந்து."
கூலி சொன்னான்.
மூன்று மாதப் பாலாடைக்கட்டி.
நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன்.
சிரித்தான். ஸ்பேனர் மட்டும் இரவல் தந்தான்.

வனாட்சோர் பழைய இரும்புக் கடையில்
நொறுங்கிய ஒரு காரின் முகத்திலிருந்து
இரண்டு காலிப்பர்கள்.
பின்பக்கம் அப்பளமாகியிருந்தது,
முன்பக்கத்தில் கீறல் இல்லை.
நன்றாகத்தான் நின்றிருக்கிறது அந்தக் கார்,
அதன் பின்னால் வந்தது நிற்கவில்லை.
பேரம் பேச மனம் வரவில்லை. பேசினேன்.

தாங்குதகடு லேத் பட்டறையில்.
போல்ட்டுக்கு மண்ணெண்ணெய், சுத்தியல், கெட்ட வார்த்தை,
மறுபடி மண்ணெண்ணெய்.
இரண்டு நாள்.
எல்லாம் மாட்டி, நெஞ்சு நிமிர்ந்து, வீலைத் தூக்கி வைத்தால்
உட்காரவில்லை.
பதின்மூன்று அங்குல வீலுக்குள்
புதுக் காலிப்பரின் தோள் இடிக்கிறது.
அங்குசம் வாங்கியாயிற்று,
இனி அதற்கேற்ற யானை வாங்க வேண்டும்.

பதினான்கு அங்குலத்தில் நான்கு வீல்,
ரஷ்யாவுக்கு வேலை தேடிப் போகிறவன் விற்றான்.
மூன்று ஒரே ஜாதி.
நான்காவதற்குத் துளை வேறு, பூ வேறு.
அதை வலப்பக்கம் பின்னால் போட்டேன்,
வெர்கினேயின் சுவரைப் பார்க்கும் பக்கம்.

இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
என் வாதுமை மரக்கிளை அவள் கூரைமேல் போனது,
அவள் அறுத்தாள்,
நான் அறுத்த கட்டையைக் கேட்டேன்,
அவள் ஏற்கனவே எரித்திருந்தாள்.
அவ்வளவுதான்.

ஆனால் குழாயிலிருந்து காற்றை எடுக்க
இரண்டு பேர் வேண்டும்.
ஒருத்தி உள்ளே மிதிக்க,
ஒருத்தி கீழே நிப்பிளைத் திறக்க.
கல்லை வைத்துப் பார்த்தேன். கட்டையை வைத்துப் பார்த்தேன்.
சுவரருகே போய்
கோழிகளிடம் சொல்வதுபோல் சொன்னேன்:
"ஒரு கால் தேவைப்படுகிறது."

வந்தாள். மாவு அப்பிய கையோடு,
முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.
"மிதி."
"மிதித்தேன்."
"பிடி."
"பிடித்திருக்கிறேன்."
"விடு."
பாட்டிலுக்குள் குமிழிகள்,
மீன்குஞ்சுகள் மூச்சு விடுவதுபோல்.
மிதி. பிடி. விடு.
நாலாம் முறை அவளே முந்திக்கொண்டாள்:
"பிடித்திருக்கிறேன், திற."
காரின் அடியில் மல்லாந்து
அவள் காலுறையின் ஓட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு
நாற்பது முறையாவது பேசியிருப்பேன்,
மூன்றே வார்த்தையில்.

"கல் மாதிரி இருக்கிறது" என்றாள் கடைசியில்.
இறங்கவில்லை.
"நாளை டிலிஜான்தானே?
என் முட்டைகளையும் போடு. நானும் வருகிறேன்."

புது பேட் பழக
அறுபதிலிருந்து பத்துக்கு, பத்து முறை மெல்ல.
கேகாம் சொல்லியிருந்தான்.
ஆறு முறைதான் ஆகியிருந்தது.
நான்காவது வளைவில் அதே ஆடுகள்,
அதே ஆள், அதே விதை.
மிதித்தேன்.

நின்றது.
ஐயோ, எப்படி நின்றது!
ஆணி அடித்ததுபோல். மூக்கு தரையைத் தொட,
முதல் ஆட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னதாக.

முட்டைகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மஞ்சள் கண்ணாடியில் வழிந்தது.
ஆட்டுக்காரன் கொறிப்பதை நிறுத்தினான்.
வெர்கினே தலைமுடியில் ஒட்டிய ஓட்டை எடுத்து,
உற்றுப் பார்த்து,
என்னைப் பார்த்து,
அட்டையை மடியில் வைத்து
எண்ணத் தொடங்கினாள்.