ஆயிரத்துக்குக் குறைவாக

ஏகாம்பரகுப்பத்தில் இரவு பதினொன்றரை.
பின்கட்டில் நான்கு தறி ஓடுகிறது.
முன்னறையில் நான், மடிக்கணினி, இன்வெர்ட்டர்.
அங்கே அமெரிக்காவில் ஞாயிறு மதியம்,
புல்லின் மேல் பனி.

என் வேலை பந்தைப் பார்ப்பதல்ல,
பிடிக்கிற கையைப் பார்ப்பது.
எறிந்தது யாருக்கு, பிடித்தானா, நழுவவிட்டானா,
பிடித்தபின் எத்தனை கஜம் ஓடினான்.
கஜம் என்றுதான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.
துணிக்கு மீட்டர் வந்து எத்தனையோ காலமாச்சு,
ஊரில் அந்தச் சொல்லுக்கு
இப்போது என்னை விட்டால் ஆளில்லை.

முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை.
ஒருவர்மேல் ஒருவர் விழுவதைப் பார்த்து
திருத்தணி படித்திருவிழா நெரிசல் என்றுதான் நினைத்தேன்.
பிறகு சட்டம் பிடிபட்டது:
இரண்டு பாதமும் கோட்டுக்குள் பட வேண்டும்.
பந்து கைக்குள் அசையக் கூடாது.
தரையில் மோதிய பின்னும் விடக் கூடாது.
எதிராளி தொட்டிருக்க, முழங்கால் எங்கே மண்ணில் பட்டதோ
கணக்கு அங்கே நின்றுவிடும்.

எண்பத்து நான்காம் சட்டை.
அவன் பெயர் என் வாயில் நுழையாது,
நான் வைத்த பெயர் நெட்டையன்.
பட்டியலில் முதல் இருபதில்கூட இல்லை.
மேலே நிற்பவர்களை எல்லோரும் எண்ணுகிறார்கள்,
ஆயிரத்து எழுநூறு கஜம், நூற்றுப் பத்தொன்பது பிடி,
அவர்களுக்கு என் விரல் தேவையில்லை.
நெட்டையன், கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில்
இரண்டு பேருக்கு நடுவே எகிறி
ஒற்றைக் கையால் எடுத்தான்.
ஆயிரத்து ஒன்று.
கூட்டாளிகள் அவன் தலைக்கவசத்தைத் தட்டினார்கள்.
பந்தை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தார்கள்.
துண்டில் சுற்றி
பெஞ்சுக்கு அடியில் வைத்தான்.

சரிபார்ப்பு எனக்கு வந்தது, விடிகாலை நாலு மணிக்கு.
படம் படமாக நகர்த்தினேன்.
நாற்பத்தோராவது படத்தில்
எதிராளியின் விரல் அவன் கெண்டைக்காலில்,
முழங்கால் மண்ணில்.
முப்பத்தாறு என்று போட்டிருந்த இடம் முப்பத்து மூன்று.

பிரின்சி சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.
"ஆயிரம் தொட்டா அவனுக்கு ஏதோ பணம் உண்டாம்டி,
ஒப்பந்தத்துலயே இருக்காம். நல்லாப் பார்த்தியா?"
நல்லாப் பார்த்தேன்.
இன்னும் நல்லாப் பார்த்தேன்.
அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, தறிகள் நின்றன,
தெருவிலேயே என் திரை மட்டும் வெளிச்சமாக,
அதில் அந்த முழங்கால்.
அனுப்பினேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

அடுத்த மூன்று ராத்திரி, சம்பளமில்லாத மணிகளில்,
செப்டம்பரிலிருந்து அவன் பிடித்த எழுபத்தொன்றையும்
திரும்ப ஓட்டினேன்.
இரண்டே கஜம். யாராவது எங்காவது விட்டிருப்பார்கள்.
மழையில் ஒன்று, கேமரா மறைத்துவிட்டது.
மூக்குமலைக்கு இந்தப் பக்கம்
ஆந்திரா டவரா தமிழ்நாட்டு டவரா என்று போன் தடுமாறும்போது
அவன் கால் வரைக்கும் கட்டம் கட்டமாக உடையும்.
காத்திருப்பேன்.
நாலாவது வாரத்தில் ஒரு சின்னப் பிடி,
ஆறு என்றிருந்தது. ஏழு.
பதிவு செய்தது யார் என்று பார்த்தேன்.
நான்.

திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.
இன்னொன்று கிடைக்கவேயில்லை.

காலையில் தணிகாசலம் துணி மடித்துக்கொண்டிருந்தார்.
நூறு வரை தமிழில் எண்ணுவார்,
அதற்கு மேல் தெலுங்கு, ஏனென்று அவருக்கே தெரியாது.
புத்தூர் முதலாளி அளந்தால் எப்போதும் ரெண்டு மீட்டர் குறையும்,
அதனால் இங்கேயே ரெண்டு தடவை எண்ணுவார்.
"எத்தனையில வந்து நின்னான் உன் நெட்டையன்?"
சொன்னேன்.
"தொம்மிதி வந்தல தொம்பை தொம்மிதி."
நாக்கில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார்.
மறுபடி குனிந்தவர், எண்ணிக்கை விட்டுப்போய், நிமிர்ந்தார்.
"அந்தப் பந்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்களா?"

தெரியலை என்றேன்.
கடைசியாகப் பார்த்தபோது
துண்டுக்குள் இருந்தது.