அக்கரைத் தீர்ப்பு

பாலத்தில் ரயிலுக்கு எட்டே நிமிடம்.
போசாதாஸில் ஏறியவள் வாயிலிட்ட மிட்டாய்
என்கர்னாசியோனில் இறங்கும்போதும்
நாக்கில் மிச்சமிருக்கும்.

தீர்ப்பு அப்படி வராது.
அர்ஜென்டினக் கரையின் தொழிலாளர் நீதிமன்றத்தில்
முத்திரை வாங்கி
தெற்கே புவெனஸ் அய்ரெஸ் வரை போய்
அங்கோர் அலமாரியில் ஒரு கோடையைத் தூங்கிக் கழித்து
வடக்கே அசுன்சியோனுக்கு ஏறி
மறுபடி இறங்கி
என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது
பதினாறு மாதம்.
எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால்
அது புறப்பட்ட கட்டடத்தின் கூரை தெரியும்.

உறையைப் பிரித்தவன் நான்.
நிமியா ரொலோன், மரமறுக்கும் ஆலைத் தொழிலாளி.
வலக்கை. மூன்று விரல்.
பிரதிவாதி காசியானோ சென்டூரியோன்
ஆலையைக் கழற்றி லாரியில் ஏற்றி
இரவோடிரவாக
பராகுவே மண்ணுக்கு வந்துவிட்டான்.
பலகைக்கு வரியில்லை, ரம்பத்துக்கு வரியில்லை.
நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட பொதுச் சந்தையில்
ஓடிவந்தவனுக்கும் வரியில்லை.

"அக்கரைத் தீர்ப்பில்
இக்கரைக்கு என்ன அக்கறை?"
அவன் வக்கீல் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை.
நாற்பது பக்கத்தில் சொன்னார்.

நீதிபதி பிரித்தெஸ் கேட்கக்கூடிய கேள்விகள்
ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும்,
முழுக் கையாக இருந்தால்.
இது முடிந்த முடிவா?
பிரதிவாதிக்கு முறைப்படி சொல்லி அனுப்பினார்களா?
பதில் பேச அவகாசம் இருந்ததா?
நம் நாட்டின் பொது ஒழுங்கை இது உடைக்குமா?

ரம்பத்துக்கு மூடி இருந்ததா என்று கேட்கக் கூடாது.
முதலுதவிப் பெட்டியில் என்ன இருந்தது என்று
கேட்கக் கூடாது.
(வெறும் ஆணிகள் இருந்தன.
கோப்பின் எண்பத்தோராம் தாளில் படித்தேன்.
அதை நானும் படித்திருக்க வேண்டியதில்லை.)

நிமியா யாரும் கேட்காமலே
கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.
நீதிபதி காகிதத்தைப் பார்த்தார்.
காகிதத்தை மட்டும் பார்த்தார்.

கல்நெஞ்சுக்காரி என்று அன்று மதியம்
சீப்பா ரொட்டியை மென்றபடி திட்டினேன்.
மாலையில்தான் உறைத்தது:
அவர் அந்தக் கையைப் பார்த்தால்
எதிர்த்தரப்பும் வாய் திறக்கும்.
அவள் தூங்கி வழிந்தாள், குடித்திருந்தாள்,
சாட்சிகளைக் கூப்பிடுங்கள்,
எல்லாம் முதலிலிருந்து.
பாராதிருத்தலும் ஒரு காவல்.

அறிவிப்பே கிடைக்கவில்லை என்று
சத்தியம் செய்தான் சென்டூரியோன்.
அதே மனுவின் ஏழாம் பத்தியில்
விசாரணைத் தேதியன்று கடுங்காய்ச்சல்,
அதனால் பாலம் கடக்க முடியவில்லை
என்றும் எழுதியிருந்தது.
நீதிபதி இரண்டு வரிகளின் கீழும்
பென்சிலால் கோடிட்டார்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஆக, தீர்ப்பு எங்கள் ஊர்த் தீர்ப்பானது.

தொகையோ
பேசோவில் புறப்பட்டு வழியெல்லாம் இளைத்து வந்திருந்தது.
வட்டி அதன் பின்னால்
மூச்சிரைக்க ஓடி வந்தது.
அமீனா போனபோது ஆலையில் தேறியது
ஒரு பட்டை ரம்பம், இரண்டு மோட்டார், ஒரு நாய்.
நாயைப் பட்டியலில் சேர்க்கவில்லை.
ரம்பத்தை ஏலத்தில் எடுத்தவன் போசாதாஸ்காரன்.
வெள்ளிக்கிழமை எடுத்தான்,
சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிவிட்டது.

திங்கட்கிழமை நிமியா வந்தாள், பணம் வாங்க.
ரசீதில் கையெழுத்து வேண்டும்.
ஆலையில் சேர்ந்த நாளில் போட்ட கையெழுத்தோடு
ஒப்பிட வேண்டியது என் வேலை.
பழையது வளைந்து நெளிந்து
கடைசி எழுத்தில் வால் சுழித்து நின்றது.
இப்போது இடக்கையில் பேனா.
எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
கோட்டுக்குக் கீழே சரிந்தன.
அவள் என் முகத்தையே பார்த்தாள்.

நான் கையைப் பார்த்தேன்.
பிறகு, "ஒத்துப்போகிறது" என்ற கட்டத்தில்
முத்திரையை அழுத்தினேன்.