இருநூறு நிமிடம்

நாற்பதை ஐந்தால் பெருக்கினால்
இருநூறு நிமிடம்.
அதற்குமேல் அரை நிமிடமும்
எனக்கு யாரும் தருவதில்லை.
பன்னிரண்டு பெண்கள்,
பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்,
ஒரே ஒரு இருநூறு.

அரசனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு என்று
வேலூரைச் சொல்வார்கள்.
போன வருஷம் நான் ஒன்று சேர்த்தேன்:
சென்டர் இல்லாத டீம்.
நெட்டையாய் இருந்த நாலு பேரில்
இரண்டு ரயில்வேக்கு, ஒன்று போலீசுக்கு,
ஒன்று மஸ்கட் மாப்பிள்ளைக்கு.

மிச்சம் எஸ்தர் ரூபாவதி.
முப்பத்துநாலு வயது.
இடது முழங்காலில் நீல உறை.
நைட் டியூட்டி முடித்து நேராக வருவாள்,
பந்தில் ஆஸ்பத்திரி வாசனை ஒட்டிக்கொள்ளும்.
அவளை ஆடவிட்டால்
இந்த வருஷம் நாலு மேட்ச் ஜெயிக்கலாம்.
உட்காரவைத்தால்
மூன்று வருஷம் கழித்து எத்தனையோ.
அந்த எத்தனையோவைக்
கமிட்டிக்கு எழுத்தில் எப்படிக் கொடுப்பது?

அஃப்ரீன். மேல்விஷாரம். பதினாறு வயது.
ஐந்தடி பதினொரு அங்குலம்.
கடவுள் வலது கையோடு நிறுத்திக்கொண்டதுபோல் ஆடுவாள்.
இடப்பக்கம் போ என்றால்
பூட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.
பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பூட்டு திறக்காது.
பயிற்சியில் செய்யும் தப்புக்கு வலி கிடையாது;
ஸ்கோர்போர்டு பார்க்க, ஊர் பார்க்க
செய்ய வேண்டும் தப்பை.

ஆகவே நோட்டில் போட்டேன்:
எஸ்தர் பதினெட்டு, அஃப்ரீன் இருபத்திரண்டு.
நல்ல கணக்கு.
காட்பாடியில் எல்லா வண்டியும்
நேரத்துக்கு வந்துவிடும் என்பதுபோல
நல்ல கணக்கு.

ராணிப்பேட்டைக்காரிகளோடு மேட்ச், மே மாதம்.
விளக்கு போட்ட பிறகும் சிமெண்ட் தரை
பகலை விடவில்லை,
ஷூ வழியே முழங்கால்வரை ஏறியது.
மூன்றாம் குவார்ட்டர் முடிய
ஆறு பாயின்ட் முன்னே இருந்தோம்.

பிறகு அஃப்ரீன்
பந்தோடு எல்லைக்கோட்டை மிதித்தாள்.
அடுத்தது அவள் காலிலேயே பட்டுத் தெறித்தது.
அதற்கடுத்தது
யாருமே நிற்காத இடத்துக்கு ஓர் அழகான பாஸ்.
பந்து உருண்டுபோய்
டீக்காரர் அடுப்பருகே நின்றது.
அவர் துடைத்துத் தந்தார்.
இன்னும் நாலு நிமிடம். மூன்று பாயின்ட் பின்னே.

கேலரி எஸ்தரக்கா, எஸ்தரக்கா என்றது.
அவள் வாய் திறக்கவில்லை.
அவளுடைய பதினெட்டு தீர்ந்திருந்தது.
முழங்காலிலிருந்து ஐஸ் பையை எடுத்துக்
கீழே வைத்தாள், அவ்வளவுதான்.
அத்தனை கூச்சலிலும்
ஐஸ் நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் கொள்கை உள்ளவள்.
பலரிடம் சொல்லியிருக்கிறேன்.
என் கை உயர்ந்தது.

ஜெயித்தோம், இரண்டு பாயின்ட்டில்.
போர்டில் தட்டி விழும் அந்தப் பழைய ஷாட்,
பார்க்க அலுப்பூட்டும், தவறவே தவறாத ஷாட்,
இரண்டு தரம் போட்டாள்.
செயலாளர் எல்லோருக்கும் பரோட்டா சொன்னார்.
"ஜெயிக்கவும் செய்றோம், பசங்களும் வளருது,
ரெண்டுமே நடக்குது பாருங்க மேடம்!"

அஃப்ரீன் அழுவாள் என்று
ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன்.
மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்தபடி,
"நல்லவேள மிஸ், என்ன எடுத்துட்டீங்க" என்றாள்.
சிரித்தாள்.
அது எனக்கு இறங்கவில்லை.
சால்னா இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

எஸ்தருக்கு மகிழ்ச்சி, மறைக்கவும் இல்லை.
தெருவிளக்கின் கீழ்
ஸ்கூட்டி ஸ்டாண்டைத் தள்ளக் காலைத் தூக்க முடியாமல்
தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.
கடைசியில் நான்தான் தள்ளிவிட்டேன்.

இரவு நோட்டைத் திறந்தேன்.
எஸ்தர் இருபத்திரண்டு, அஃப்ரீன் பதினெட்டு.
கூட்டினால் நாற்பதுதான்,
பிழை ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரோடு.
அஃப்ரீன் பெயருக்கு நேரே
கடன் நாலையும் சேர்த்து
இருபத்தாறு என்று எழுதினேன்,
பென்சிலால்.