எடைக்கு எடை

பொனற்றை முதலில் கழற்றினோம்.
நாலு நட்டு. மூன்று வந்தது.
நாலாவதுக்கு ஒரு பகல் போனது.
மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு
நானும் நிமலதாசும் பிளேன்ரீ குடித்தோம்.
மண்ணெண்ணெய் அதற்குப் புதிதில்லை.
பெற்றோல் வராத வருடங்களில்
மருந்துப் போத்தலால் காபரேற்றருக்கு நாலு துளி காட்டி
மிச்ச வழியெல்லாம் புகையோடு
கொடிகாமம் போய்வந்த ஒஸ்ரின்.

'எஞ்சின் வேண்டாம் அண்ணை' என்றார்
கொக்குவில் மண்டபக்காரர் தயாபரன்,
'ஒயில் ஒழுகி மாபிள் பழுதாப்போம்.
மாப்பிள்ளை பொம்பிளை ஏறி இருந்து
படம் எடுத்தால் காணும்.'
விற்றவர், ஹயர் ஓடிய எமிலியானுஸ்,
ஒன்றும் சொல்லவில்லை. காசை எண்ணி
கிழிந்த ஐந்நூறு ஒன்றை
மாற்றித் தரச் சொன்னார்.

இடது பக்கத் தாங்கியில் றப்பர் இல்லை.
லொறி ரயரில் வெட்டிய துண்டு,
அதற்குமேல் ஒரு பாட்டாச் செருப்பின் அடி.
யாரோ, எப்போதோ.
ஊத்தையைத் துடைத்தால் இலக்கம் தெரிந்தது:
ஏழு.

கராச்சின் குறுக்கே தண்டவாளத் துண்டு.
முதலில் ரயிலுக்கு, பிறகு பதுங்குகுழிக்கு,
இப்போது என் செயின்புளொக்குக்கு.
சங்கிலி பல்பல்லாய் இறுகியது.
எஞ்சின் மாட்டேன் என்றது,
கியர்பொக்சின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு.
நிமலதாஸ் நெம்புகம்பியால் ஒரு தட்டு.
விட்டது. ஆடி வந்தது.
முழங்கையால் தடுத்தேன்,
தோல் போனது.

அப்போதுதான் வண்டி
முன்பக்கம் நாலு விரற்கடை எழும்பியது.
எழுபது வருடம் மடியில் குந்தியிருந்தவர்
இறங்கிப் போனதுபோல.
விளக்கு இரண்டும் கூரையைப் பார்த்தன.

தயாபரன் போனில் படம் எடுத்துப் பார்த்தார்.
'இதென்ன, ஏத்தத்தில நிக்கிற மாதிரி?
பொம்பிளை பின்னால சரிஞ்செல்லோ தெரிவா!'

ஆகவே கல்.
கிணறு ஆழமாக்கியபோது எடுத்த சுண்ணாம்புக்கல்
பின்வளவில் குவிந்து கிடந்தது.
உரப்பையில் கட்டி இறக்கினோம்
எஞ்சின் இருந்த பள்ளத்தில்.
இரண்டு பைக்கு மூக்குக் கொஞ்சம் பணிந்தது.
மூன்றாவதுக்கு
மட்டக்கோலின் குமிழி நடுவில் நின்றது.

தை மாதம் எட்டுக் கல்யாணம்.
பொனற்றில் ரோசாமாலை, கீழே எங்கள் கிணற்றடி.
ஒரு மாப்பிள்ளை கோன் அடித்துப் பார்த்தானாம்.

எஞ்சின் என் மூலையில், இரண்டு ரயரின் மேல்.
நீர்வேலி வெங்காயக்காரர் தண்ணீர் இறைக்கக் கேட்டார்,
விலை படியவில்லை.

நேற்று எமிலியானுஸ் வந்தார், பிளக் ஒன்று வாங்க.
எந்த வாகனத்துக்கு என்று நான் கேட்கவில்லை.
அவரும் மூலைப்பக்கம் திரும்பவில்லை.
படலையடியில் நின்று,
'பிளக் ஓட்டையில துணி அடைச்சு விடு,
கரப்பான் போகும்' என்றார்.

முதல் நாளே அடைத்துவிட்டிருந்தேன்.
ஓமண்ணை என்றேன்.