சொத்தை

பூண்டுக் கொட்டகைக்குள் நாலு செங்கல் மேல் கவிழ்ந்து கிடந்தது.
பன்னிரண்டடி. மரம்.
"கடலே பாக்காத படகு மேடம்" என்றார் இருதயசாமி,
மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

பாம்பார்புரத்தில் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிடுகிறது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் புகுந்தேன்.
மேலே மூங்கில் கழிகளில் கொத்துக் கொத்தாக மலைப்பூண்டு.
பலகைக்குள்ளும் ஊறிவிட்டது அந்த வாசம்.
இதை ஏரியில் இறக்கினால் மீன்கள் மிரளும்,
குழம்பு தானாகத் தேடி வருகிறதென்று.

பத்தொன்பது வருடமாகப் பல் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவள் நான்.
அணியம் எது, பின்பக்கம் எது என்பதையே
போன மாதம்தான் கற்றேன்.
ஆனால் தட்டிப் பார்க்கத் தெரியும்.
சின்னக் கண்ணாடியும் கொக்கி ஊசியும் பையில் இருந்தன.

டக். டக். டக்.
நல்ல கடைவாய்ப்பல் சொல்லும் அதே பதில்.
டக். டக்.
பின்பலகையின் இடது மூலையில் மட்டும்
தொப்.

"ஈரந்தான் மேடம், நாலு வெயில் பட்டா காஞ்சிரும்."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு:
லேசாத்தான் கூசுது.

ஊசியை வைத்து அழுத்தினேன்.
கால் அங்குலம் போனது, கேக்கில் போவதுபோல.
நுனியில் ஒட்டி வந்தது காப்பித்தூள் நிறத்தில் மரம்.
பூண்டையும் மீறி ஒரு நாற்றம்.
தினமும் காலை ஒன்பதரைக்கு நான் சந்திப்பது.

சுற்றிலும் சுரண்டினேன், கெட்டி எங்கே தொடங்குகிறதென்று.
வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே ஒரு பெயரின் கடைசி எழுத்து, 'னி'.
ராணியா, பவானியா,
சனியா?
இருதயசாமிக்கும் தெரியாது.
ஏதோ ஹோட்டலில் குழாய் மாற்றியதற்கு
கூலிக்குப் பதில் இதைத் தள்ளிவிட்டார்களாம்.
பதினோரு வருடமாக அதன் அடியில் கோழி முட்டையிடுகிறது.

"பாய் எங்க?" என்றேன்.
செங்கோல்மேரி உள்ளே போய்
கோரைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்,
உட்காருங்க என்று.
அது தெரிந்து மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபின்
பரணிலிருந்து மற்றதை இறக்கினோம்.
பூஞ்சை புள்ளி புள்ளியாக.
பித்தளை வளையங்களில் இரண்டைக் காணோம்.
இழுத்துப் பார்த்தேன்;
தையல் ஒன்றும் விடவில்லை.

இருபத்திரண்டாயிரம்.
ஊசி நுனியைக் காட்டினேன். பதினேழு.
"சுக்கான்?"
மழை வருகிறதா என்று பார்ப்பவர்போல
வெளியே பார்த்தார்.

அது நீல டிரம்முக்கு மூடியாக இருந்தது.
மேலே ஒரு அம்மிக் குழவி.
தூக்கியதும் செங்கோல்மேரி சிரிப்பதை நிறுத்தினார்.
"அப்ப தண்ணிய எதப் போட்டு மூடுறது?
கொசு வந்தா நீங்க வந்து பாப்பீங்களா?"
அன்று அங்கே கேட்கப்பட்ட
ஒரே நியாயமான கேள்வி.

பதினாலாயிரம், கூட ஒரு மூடி
என்று முடிந்தது.
மூடி மூஞ்சிக்கல்லில் நூற்றெண்பது ரூபாய்.

தங்கை கேட்பாள்,
காசு கொடுத்துச் சொத்தையை வாங்குவாங்களா யாராவது?
சொத்துக்கும் சொத்தைக்கும் ஒரு எழுத்துதான் என்று
பதில் யோசித்து வைத்திருக்கிறேன்.
அவளிடம் அது எடுபடாது.
அடைக்கலாம், பிடுங்க வேண்டியதில்லை என்பேன்.
அது உண்மையும்கூட.

லாரி சொல்ல வேண்டும். தச்சர் பார்க்க வேண்டும்.
இன்றைக்குக் கையில் வந்தது சுக்கான் மட்டும்.
"என்னம்மா இது, கதவா?" என்றார் கண்டக்டர்.
"சுக்கான்."
"சுக்காவா?"
லக்கேஜ் பத்து ரூபாய் போட்டார்.

பின்னால் மாட்ட வேண்டியது
படகுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.
ஏரி இருந்த இடத்தில் வெறும் மஞ்சு.
வளைவில் பஸ் இடப்பக்கம் ஒடித்தபோது
மடியில் அதுவும் கொஞ்சம் திரும்பியது.
பிடித்துக்கொண்டேன்.